ஒரே வகுப்பு, வெவ்வேறு பிள்ளைகள்: எதை மாற்றுவது, எதை மாற்றக் கூடாது?

கேள்வி இதுதான்: "என் வகுப்பில் 40 பிள்ளைகள். சிலர் நான் சொல்லி முடிப்பதற்குள் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். சிலருக்குப் போன வருடப் பாடமே வரவில்லை. இரண்டு பேர் வாசிக்கவே திணறுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி கற்பிக்க வேண்டும் என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று ஒரு சோதனை வைத்துப் பிரித்து, குழுவுக்கு ஒரு பாடம் தயாரிக்கலாமா? இல்லையென்றால் எப்படித்தான் செய்வது?"

முதலில் ஒரு பெரிய சுமையை இறக்கி வைத்துவிடுவோம். 40 பேருக்கு 40 பாடக்குறிப்பு யாராலும் எழுத முடியாது. எழுதத் தேவையும் இல்லை. எல்லோரும் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றுதான். அங்கே போவதற்கு ஒருவருக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு உதவி, எந்தப் படியிலிருந்து தொடக்கம் என்பதுதான் மாற வேண்டும். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜான் கரோல் 1963இல் இதை ஒரு மாதிரியாகவே எழுதினார்: ஒருவர் எவ்வளவு கற்கிறார் என்பது, அவருக்குத் தேவைப்படும் நேரத்தையும் அவர் உண்மையில் செலவிடும் நேரத்தையும் பொறுத்தது. ஆனால் பள்ளிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. எல்லோருக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டு, கற்றதில் ஏற்றத்தாழ்வு வந்தால் அதை மதிப்பெண்ணாக எழுதி வைத்துக்கொள்கின்றன. கரோலின் கருத்தை எடுத்துத்தான் இன்னோர் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1968இல் 'முழுமைக் கற்றல்' முறையை முன்வைத்தார். பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரி, ஒவ்வொரு பகுதி முடிவிலும் சோதி, தேறாதவர்களுக்கு வேறு வழியில் மறுபடி சொல்லிக்கொடு, அதன் பிறகே அடுத்த பகுதி. நீங்கள் கேட்பதற்கான பதிலின் எலும்புக்கூடு இதிலேயே இருக்கிறது.

அடுத்து, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் சோதனை. தயவுசெய்து அதை வைக்காதீர்கள். 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் இது குறித்த ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். பிள்ளைகளைக் கற்றல் பாணிப்படி பிரித்து, அந்தப் பாணியிலேயே கற்பித்தால் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்பதுதான் அவர்கள் வந்த முடிவு. மனிதர்களுக்கு விருப்பங்கள் உண்டு, அதில் சந்தேகமில்லை. ஒருத்திக்குப் படம் பிடிக்கும், இன்னொருவனுக்குக் கதையாகச் சொன்னால் பிடிக்கும். ஆனால் எந்தப் புலன் வழியாகக் கற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடம்தான் முடிவு செய்கிறது. வரைபடத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். உச்சரிப்பைக் காதால் கேட்டு, வாயால் சொல்லித்தான் பழக வேண்டும். 'நீ கேட்டுக் கற்பவன்' என்று ஒரு பையனிடம் சொல்லிவிட்டால், புத்தகம் தனக்கானதில்லை என்று அவன் நம்பத் தொடங்குவான். அந்தக் கெடுதல்தான் எனக்குக் கவலை. அறிவு என்பது ஒன்றல்ல, மொழி, இசை, கணக்கு என்று பல வகை உண்டு என்று உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் எழுதிய பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டையும் சிலர் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். இரண்டும் வேறு வேறு என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார்.

படம், பேச்சு, கைச்செயல் மூன்றையும் எல்லோருக்கும் கொடுங்கள். அது நல்லதுதான். பிரிக்க மட்டும் வேண்டாம்.

அப்படியானால் பிள்ளைகளுக்குள் உண்மையில் எது வேறுபடுகிறது? எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பது. 1988இல் அமெரிக்காவில் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையை வாசிக்கச் சொல்லி, அதை நினைவிலிருந்து சொல்லவும் பொம்மைகளை நகர்த்திக் காட்டவும் சொன்னார்கள். நன்றாக வாசிப்பவர்கள், சரியாக வாசிக்க வராதவர்கள் இரு தரப்பிலும் அந்த ஆட்டம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இருந்தார்கள். முடிவு என்ன? வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிடத் தெளிவாக விளக்கினார்கள். 'வாசிப்பில் மந்தம்' என்று நாம் முத்திரை குத்தும் பிள்ளையின் சிக்கலில் ஒரு பகுதி வாசிப்பிலேயே இல்லை, அந்தப் பாடப்பொருளைப் பற்றி எதுவும் தெரியாததில் இருக்கிறது. பாடத்துக்கு முன் ஐந்து நிமிடம் அந்தச் சொற்களையும் பின்னணியையும் பேசிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் அதே பிள்ளை வேறு மாதிரி வாசிக்கும்.

ஆகவே, வகுப்புக்கு ஏற்றபடி பாடத்தை மாற்றுவது கண்டுபிடிப்பதிலிருந்துதான் தொடங்குகிறது. இந்தப் பாடத்தில், இன்றைக்கு, யார் எங்கே நிற்கிறார்கள்? இதை நீங்கள் கணக்கு ஆசிரியர் என்பதால் ஒரு கணக்கிலேயே காட்டுகிறேன்.

தசம எண்கள் தொடங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாடம் தொடங்கும் முன்பு ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து இரண்டே கேள்வி கேளுங்கள். 0.45, 0.5 இரண்டில் எது பெரியது? 0.3, 0.45 இரண்டில் எது பெரியது? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம் எழுதச் சொல்லுங்கள். மொத்தம் நாலு நிமிடம் ஆகும்.

தாள்களைப் பார்த்தால் மூன்று குவியல் வரும். முதல் குவியலில் இரண்டு கேள்விக்கும் 0.45 என்று எழுதியிருப்பார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகவே படிக்கிறார்கள். 45 என்பது 5ஐவிடப் பெரியது, 3ஐவிடவும் பெரியது, அவ்வளவுதான். இரண்டாவது குவியலில் முதல் கேள்விக்கு 0.5, அடுத்ததற்கு 0.3. இவர்கள் நேர் எதிர். நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சின்னது என்பது இவர்களுக்குத் தெரியும். அதனால் புள்ளிக்குப் பின் இலக்கம் நீண்டுகொண்டே போனால் எண் சிறுத்துக்கொண்டே போகும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூன்றாவது குவியல் இரண்டையும் சரியாக எழுதியவர்கள்.

இப்போது கவனியுங்கள். முதல் இரண்டு குவியலுக்கும் இரண்டுக்கு ஒன்று மதிப்பெண். பதிவேட்டில் பார்த்தால் ஒரே தரம், 'சுமார்'. ஆனால் அவர்கள் தலைக்குள் ஓடுவது ஒன்றுக்கொன்று நேர் எதிரான எண்ணம். இருவருக்கும் சேர்த்து 'இன்னும் நன்றாகப் பயிற்சி செய்' என்று சொன்னால் இருவருமே தங்கள் தவற்றை நன்றாகப் பயிற்சி செய்வார்கள். மதிப்பெண்ணை வைத்துக் குழு பிரிக்காதீர்கள், தவற்றின் வகையை வைத்துப் பிரியுங்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

அடுத்த 20 நிமிடத்துக்கு மூன்று தனிப் பாடம் தேவையா? இல்லை. நூறு சின்னக் கட்டம் போட்ட ஒரு சதுரத்தாள் எல்லோருக்கும் போதும். மாறுவது கேள்வி மட்டும்தான். முதல் குவியலிடம் 0.5ஐயும் 0.45ஐயும் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். ஒரு நெடுவரிசை பத்தில் ஒரு பங்கு என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். 0.5க்கு ஐந்து முழு வரிசை நிரம்பும், 0.45க்கு நாலு வரிசையும் ஐந்து கட்டமும்தான் நிரம்பும். கண் முன்னால் தெரியும். இரண்டாவது குவியலிடம், "0.3க்கு எத்தனை சின்னக் கட்டம்? 0.45க்கு எத்தனை?" என்று கேளுங்கள். 30, 45 என்று அவர்களே எண்ணிச் சொல்வார்கள். பங்கு சின்னதுதான், ஆனால் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைப் பார்க்க விட்டுவிட்டோம் என்பது அங்கேயே பிடிபடும். மூன்றாவது குவியலுக்கு, "0.45க்கும் 0.46க்கும் நடுவில் ஓர் எண் சொல்லுங்கள். இன்னொன்று? இப்படி எத்தனை சொல்லிக்கொண்டே போகலாம்?" இந்தக் கேள்வி அவர்களை அந்தப் பாடவேளை முழுக்க யோசிக்க வைக்கும். மேல்வகுப்புக் கணிதத்தின் வாசல் அது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: "கடைசியில் சுழியம் சேர்த்து இரண்டையும் ஒரே நீளமாக்கு" என்ற குறுக்குவழியை முதலிலேயே சொல்லிக்கொடுப்பது. விடை சரியாக வந்துவிடும், குழப்பம் அப்படியே உள்ளே தங்கிவிடும். பிறகு அதைக் கண்டுபிடிக்கவே வழி இருக்காது.

அந்தக் குவியல்கள் அன்றைய தினத்துக்கு மட்டும்தான். மறுநாள் கலைத்துவிடுங்கள். தசமத்தில் தடுமாறும் பெண் வடிவியலில் எல்லோருக்கும் முன்னால் நிற்கலாம். வருடத் தொடக்கத்தில் ஒரு தேர்வு வைத்து, மூன்று குழுவாகப் பிரித்து, வருடம் முழுக்க அப்படியே உட்கார வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். குழுக்களுக்குப் பூக்கள் பெயரோ கோள்கள் பெயரோ வைத்தாலும் எது 'கடைசிக் குழு' என்று பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடும். அந்தக் குழுவுக்கு மெல்ல மெல்ல எளிய வேலையே போகும். மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் உள்ள தூரம் வருடக் கடைசியில் கூடித்தான் இருக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எழுத்துக் கூட்டி வாசிப்பது, கூட்டல் கழித்தல் போன்ற அடிப்படையே வராமல் ஒரு பிள்ளை இரண்டு மூன்று வகுப்பு பின்தங்கியிருந்தால், அன்றன்றைய சின்னச் சரிசெய்தல் போதாது. இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு இதற்கென ஒரு முறையை உருவாக்கியது. நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் பிள்ளைகளை வகுப்பு வாரியாக இல்லாமல் வாசிப்பு நிலை வாரியாக உட்கார வைத்து, அந்த நிலைக்கு உரியதைக் கற்பிப்பது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று நிலைகள். ஒரு பிள்ளை முன்னேறியதும் அடுத்த குழுவுக்குப் போய்விடும். 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் இதைப் பல ஆண்டுகள் களத்தில் சோதித்தார்கள். நன்றாகச் செயல்படுத்திய இடங்களில் பலன் தெளிவாகத் தெரிந்தது. இப்போது ஆப்பிரிக்க நாடுகளிலும் நடக்கிறது. நான் எதிர்க்கும் நிரந்தரக் குழுவுக்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. இங்கே பிரிப்பது நாளின் ஒரு பகுதிக்கு மட்டும், ஒரு குறிப்பிட்ட திறனுக்கு மட்டும், அதுவும் அடிக்கடி மறுபடி சோதித்து. உங்கள் வகுப்பில் வாசிக்கவே திணறும் அந்த இரண்டு பிள்ளைகளுக்கு வாரத்தில் சில வேளையாவது இப்படி ஒரு நேரம் ஒதுக்கப் பள்ளியில் பேசிப் பாருங்கள்.

உதவியைக் கொடுப்பதைவிட எடுப்பதுதான் கடினம். கட்டடம் எழும்பும்போது சாரம் கட்டுகிறோம், சுவர் நின்றதும் பிரித்துவிடுகிறோம். டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1976இல் சின்னப் பிள்ளைகளுக்கு மரக்கட்டைக் கோபுரம் அடுக்கக் கற்றுக்கொடுப்பதை ஆராய்ந்தபோது, கற்பிப்பவர் தரும் உதவிக்கு இந்த உவமையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வகுப்பில் இதன் எளிய வடிவம் பாதி தீர்த்த கணக்கு. முதல் கணக்கு முழுவதும் தீர்த்துக் காட்டியது. இரண்டாவதில் கடைசி வரி காலி. மூன்றாவதில் கடைசி இரண்டு வரி காலி. நாலாவது வெறும் கேள்வி மட்டும். திணறுகிற பிள்ளை முதலிலிருந்து தொடங்கும், தெரிந்த பிள்ளை நேராக நாலாவதுக்குப் போகும். ஒரே தாள்தான், தயாரிக்கிற வேலையும் ஒருமுறைதான்.

தெரிந்த பிள்ளையை ஏன் நாலாவதுக்கு விட வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தீர்த்துக் காட்டிய கணக்கு புதிதாகக் கற்பவருக்குப் பெரிய உதவி, நன்கு தெரிந்தவருக்கு அதுவே இடைஞ்சலாகிவிடலாம் என்பதை கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் உடன் ஆய்வு செய்தவர்களும் பல சோதனைகளில் கண்டார்கள். அதேபோல், சீக்கிரம் முடித்தவருக்கு அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது வெகுமதி இல்லை, தண்டனை. கெட்டிக்காரப் பிள்ளைகள் இதை வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் மெதுவாகச் செய்யப் பழகிக்கொள்வார்கள். எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், ஆழத்தைக் கூட்டுங்கள். "இந்த விடை தவறு, எங்கே தவறியிருக்கும்?" "இதே விடை வரும்படி நீயே ஒரு கணக்கு எழுது." எப்போதும் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையையே கொடுப்பதும் சரியில்லை. விளக்கிச் சொல்வதால் அவர்களுக்கும் தெளிவு வரும், உண்மைதான். ஆனால் அவர்களும் புதிதாக ஏதாவது கற்கத்தான் பள்ளிக்கு வருகிறார்கள்.

செலவே இல்லாத ஒரு மாற்றம் சொல்கிறேன். கேள்வி கேட்டதும் மூன்று விநாடி காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்று தெரிந்தது. அதை மூன்று விநாடியோ அதற்கு மேலோ ஆக்கியதும் பதில்கள் நீளமாயின, காரணத்தோடு வந்தன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி மௌனம் முதலில் சங்கடமாக இருக்கும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

வாசிக்கத் திணறும் அந்த இருவருக்கு வருகிறேன். வாசிப்புக் குறைபாடு இருக்கலாம் என்று தோன்றினால் முறையான பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் அறிக்கை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். எந்த வேலையைக் கொடுத்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் நான் எதைச் சோதிக்கிறேன்? கணக்கைச் சோதிக்கிறேன் என்றால், கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டுவதால் எந்த அநியாயமும் நடப்பதில்லை. வாசிப்பைச் சோதிக்கிறேன் என்றால் வாசித்துக் காட்டக் கூடாது. இந்த ஒரு கேள்வி, எது நியாயமான சலுகை, எது இலக்கையே இறக்கிவிடுவது என்பதைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். கூடுதல் நேரம் கொடுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பி எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள். நாளைக்கு எந்தப் பத்தி என்று இன்றே சொல்லிவிட்டால் வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள். ஆனால் சலுகையோடு நின்றுவிடவும் கூடாது. அவர்களுக்கு ஒலியையும் எழுத்தையும் இணைத்து, படிப்படியாக, ஒழுங்கு மாறாமல் வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். வாசித்துக் காட்டிக்கொண்டே பல வருடங்களைக் கடத்தினால் பிள்ளை கடைசிவரை வாசிக்கக் கற்காது.

மற்ற தேவைகள் பலவற்றுக்கு வகுப்பு முழுவதற்குமே பொதுவாகச் செய்யும் பழக்கங்களே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். பலகையில் எழுதும்போது எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள். பார்வை குறைந்த பிள்ளைக்கும், பின்வரிசையில் கவனம் சிதறியவருக்கும் அது சேர்ந்தே உதவும். பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் சொல்லாதீர்கள். காது மந்தமான பிள்ளை உங்கள் உதடுகளைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறது. பின்னாலிருந்து யாராவது பதில் சொன்னால் அதை நீங்கள் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள். ஐந்து கட்டளையை ஒரே மூச்சில் சொல்லாமல், ஒன்றைச் சொல்லி, அது முடிந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள். கவனக்குறைவு உள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய வித்தியாசம். சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து எதையும் வேறுபடுத்திக் காட்டாதீர்கள். சிவப்பு பச்சை நிறக்குருடு ஆண்பிள்ளைகளிடம் அரிதல்ல, வடக்கு ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 12 ஆண்களில் ஒருவருக்கு உண்டு. பல பிள்ளைகளுக்குத் தனக்கு அப்படி இருப்பதே தெரியாது.

பயிற்று மொழி வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், அவர்களைப் பற்றிய ஒரு தவறான கணிப்பு மிகப் பரவலானது. விளையாட்டு மைதானத்தில் சரளமாகப் பேசுகிறான், வகுப்பில் மட்டும் ஒன்றும் வரவில்லை, அப்படியென்றால் சோம்பேறி என்பார்கள். இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டியது வேறு. அன்றாடப் பேச்சுமொழி இரண்டு வருடத்துக்குள் வந்துவிடலாம், பாடப்புத்தக மொழி வர ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகும். அந்தப் பிள்ளை முதலில் தன் மொழியில் யோசித்து, பக்கத்தில் தன் மொழி பேசுபவரோடு விவாதித்துவிட்டுப் பிறகு எழுதட்டும். பாடத்தின் ஐந்தாறு முக்கியச் சொற்களைப் பலகையின் ஓரத்தில் பாடம் முடியும்வரை அழிக்காமல் வையுங்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாப் பாடத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கினால் இரண்டு வாரத்தில் களைத்துவிடுவீர்கள், அப்புறம் எதுவுமே நடக்காது. வாரத்துக்கு ஒரு பாடவேளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் பாடமாகப் பார்த்து எடுங்கள். முந்தைய நாள் வகுப்பு முடியும்போது துண்டுத்தாளில் இரண்டு கேள்வி, ஒரு வரிக் காரணம். அன்று மாலை மதிப்பெண் போடாமல், சிவப்பு மையில் திருத்தாமல், தவற்றின் வகைப்படி குவியலாக மட்டும் பிரியுங்கள். 40 தாளுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஒவ்வொரு குவியலுக்கும் நாளைக்கு என்ன ஒரு கேள்வி கேட்பேன் என்று மட்டும் எழுதி வையுங்கள். அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒரே பாடத்தில் பிள்ளைகள் செய்யும் தவறுகள் வருடா வருடம் கிட்டத்தட்ட அதேதான், அதனால் அடுத்த வருடம் உங்கள் கேள்விகள் தயாராக இருக்கும். பக்கத்து வகுப்பில் அதே பாடம் எடுப்பவர் இருந்தால் பாடங்களைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டத்தை முடிக்க முடியுமா என்ற பயத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த முறையில் முதல் சில வாரங்கள் நீங்கள் பின்தங்கத்தான் செய்வீர்கள். தசமம் புரிந்த வகுப்புக்குச் சதவீதம் சொல்லிக்கொடுக்கும்போது அந்த நேரத்தில் கணிசமான பகுதி திரும்பக் கிடைக்கும். முழுவதும் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அந்தச் சூழ்நிலையில் எதைச் சுருக்குவது என்று கேட்டால், அடுத்த வகுப்பில் மறுபடி வரப்போகும் பாடத்தைச் சுருக்குங்கள். அடுத்த பாடம் எதன் மேல் நிற்கப் போகிறதோ அதில் கை வைக்காதீர்கள்.